ஒரு கன அடி எத்தனை கிலோ?

மாமல்லபுரத்துக் கற்சிற்பப் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒன்று புரியும். சிலைக்குச் சிலை முகம் மாறுகிறது; பலகைக்குப் பலகை பெரிதாக எதுவும் மாறுவதில்லை. உயர்ந்த தரம், நியாயமான விலை, ஏற்றுமதி உண்டு. ஒன்றைக் கழற்றிப் பக்கத்துப் பட்டறையில் மாட்டினாலும் பெயரைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

காப்பிரைட்டருக்கு இங்கேதான் வேலை. விளம்பரம், நோட்டீஸ், விலைச்சீட்டு, இணையத்தில் கடையைப் பற்றிய நாலு வரி என்று வாங்குபவர் படிக்கிற எதையும் எழுதித் தருபவர் அவர். அலங்காரமாக எழுதுவார் என்று நம்பித்தான் பலரும் தேடிப் போகிறார்கள். நல்ல காப்பிரைட்டர் எழுத உட்காருவதற்கு முன் கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்.

கல் நல்லதென்று எப்படித் தெரியும் என்று சிற்பியிடம் கேட்பார். "தட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்" என்று பதில் வரும். அதோடு விடமாட்டார். தட்டினால் என்ன தெரியும்? மணிபோல் கணீரென்றால் ஆண் கல், ஓசை மென்மையாக வந்தால் பெண் கல், ஓசையே எழாதது சிலைக்கு ஆகாது என்று சிற்ப மரபு ஒவ்வொன்றாக வெளியே வரும். வாழ்நாளெல்லாம் கல்லோடு இருப்பவருக்கு இது சொல்லக்கூடிய விஷயமாகவே தோன்றியிருக்காது. வாங்க வந்தவரோ இதைக் கேட்டதும் கல்லைத் தானே ஒருமுறை தட்டிப் பார்ப்பார். தொழில் நன்றாகத் தெரிந்தவருக்குத் தெரியாதவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரியாது. காப்பிரைட்டருக்குக் காசு கொடுத்து வாங்குவது ஒரு வெளியாள் காதைத்தான்.

தடுமாற்றம் பெரும்பாலும் அழகைப் பற்றியதல்ல, சுமையைப் பற்றியது. கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ. செதுக்கியதில் பாதி கழிந்தாலும் ஓரடிப் பிள்ளையாரை விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது. பயணி இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிலையின் எடை, மரப்பெட்டிக் கட்டு, அனுப்பும் செலவு, போய்ச் சேரும் நாள் ஆகிய நான்கும் சிலையடியில் ஒரு சீட்டில் இருந்தால் பேச்சு தொடங்கும். ஒரு உரிச்சொல்கூடத் தேவையில்லை.

அலங்காரமில்லாமல் உள்ளதைச் சொல்லி விற்பது புதிதல்ல. அமெரிக்காவில் 1880இல் ஜான் வானமேக்கர் தன் கடைக்கு விளம்பரம் எழுத ஜான் பவர்ஸ் என்பவரை அமர்த்தினார். முதல் முழுநேர காப்பிரைட்டர் என்று விளம்பர வரலாறு சொல்வது இவரைத்தான். பார்வைக்கு இருக்கும் அளவுக்குத் தரமில்லை என்று ஒப்புக்கொண்டே டை விற்றவர் என்றொரு கதை உண்டு.

இன்றைக்கு உள்ளதைச் சொல்வது சட்டத்தின் தேவையும்கூட. இயந்திரத்தில் அறுத்த சிலையைக் 'கையால் செதுக்கியது' என்று எழுதிவைத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் கடை இருப்பதாலேயே அந்தக் குறியீட்டை அச்சடித்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். விவரமறிந்த காப்பிரைட்டர் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வார்.

எல்லோருக்கும் இவர் வேண்டியதில்லை. ஸ்தபதி வாய்மொழியாகச் சொல்லிக் கோயில் வேலை வருகிற பட்டறைக்கு இது வீண்செலவு. தெருவில் போகிறவரையும் கடல் தாண்டி இருப்பவரையும் நம்பி விற்பவருக்கே பயன்.

அமர்த்தினால் ஒன்றை மறக்க வேண்டாம். வெளியிலிருந்து எழுதித் தருபவரின் வாசகத்துக்கு, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, முதல் உரிமையாளர் அவரே. பணம் கொடுத்தால் மட்டும் உரிமை கைமாறாது. கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். பலகையில் பெயிண்ட் அடிக்குமுன் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.