வெளியூரில் ஓட ஓர் இடம்

குடும்பத்தோடு வெளியூர் போனாலும் காலை ஓட்டத்தை விட மனம் வராது. ரயில் நிலையத்தருகே தங்கினால் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை ஆசை காட்டும். தண்டவாளத்தோடு காலம் கழித்தவன் சொல்கிறேன், அங்கே மட்டும் வேண்டாம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 30 மீட்டர் கடக்கும். மின்சார எஞ்சின் நெருங்கிய பிறகுதான் சத்தமே காதில் விழும். பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அத்துமீறி நுழைவது குற்றமும்கூட.

ஏரியோ பூங்காவோ தேடுங்கள். மைசூரில் குக்கரஹள்ளி ஏரி, கல்கத்தாவில் ரவீந்திர சரோவர், டில்லியில் லோதி தோட்டம் எல்லாம் எனக்குப் பிடித்தவை. சுற்றி ஓடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வீட்டில் உள்ளவர்களும் பேரக்குழந்தைகளும் பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். முதல் சுற்றை நடந்தே போய்வாருங்கள். பள்ளம் எங்கே, நாய்கள் எங்கே என்பது தெரிந்துவிடும். வழி கேட்பதென்றால் விடுதி மேனேஜரைவிட பால்காரரே மேல்.