புகையிரதத்துக்கும் முட்டுக்கட்டை வேண்டும்

பினாங்கில் சிம்பாங் அம்பாட் என்று ஓர் ஊர்; பெயருக்கு மலாயில் நாற்சந்தி என்று பொருள். சடக்குகள் கூடும் அந்த ஊரின் ரயில் நிலையத்தில் இன்று நிற்பவை மின்சாரக் கொம்யூட்டர் வண்டிகள். பிறையையும் சிரம்பானையும் 1903இல் இணைத்த இந்த வழித்தடத்தில் பல பத்தாண்டுகள் ஓடியவை நீராவி எஞ்சின்கள். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் ரயிலைப் புகையிரதம் என்றார்கள். பொருத்தமான பெயர்தான். தேரைப் போலவே அதையும் கிளப்புவதைவிட நிறுத்துவது கடினம்.

சென்னையில் அப்படி நிற்காமல் போன எஞ்சின் ஒன்று உண்டு. பெயர் ‘எக்ஸ்பிரஸ்’, எண் இஐஆர் 21. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தது. 1909இல் ஓய்வுபெற்று, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டு காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, ஓட்டுநர் இல்லாமலே ஓடிப்போய் மோதிப் பலத்த சேதமடைந்தது.

ஆளில்லாமல் ரயில் ஓடுமா? மின்சார ரயிலில் ஓட்டுநரின் கையோ காலோ விலகினால் பிரேக் தானாக விழும்படி வைத்திருக்கிறார்கள். நீராவி எஞ்சினில் பொதுவாக அது கிடையாது. பாய்லரிலிருந்து சிலிண்டருக்கு ஆவியை விடும் ரெகுலேட்டர் தேய்ந்திருந்தால், மூடிய பிறகும் ஆவி கசியும். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிவிடும். நின்ற எஞ்சின் நகரும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது.

மோதினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 டன் எஞ்சின் மணிக்கு வெறும் 10 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு டன் காரை ஏறக்குறைய பத்து மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் என்ன அடி விழுமோ, அந்த ஆற்றல் அதில் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. 2023 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அவிமோர் நிலையத்தில், நூறாண்டு கண்ட ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ நின்றிருந்த பெட்டிகளோடு இணைய வந்து இடித்தது. சைக்கிள் வேகம்தான்; ஆனாலும் பயணிகள் காயமடைந்தார்கள்.

அடியை முதலில் வாங்குவது பஃபர். சிறிய இடியை அதன் சுருள்வில் விழுங்கிவிடும். மிச்சம் போவது சட்டத்துக்கு, அதாவது எஞ்சினின் முதுகெலும்பான தடித்த எஃகுத் தகடுகளுக்கு. பாய்லர், சிலிண்டர், அச்சு எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பார்ப்பவர் கண் பாய்லருக்குத்தான் போகும். பணிமனைக்காரர் கண் சட்டத்துக்குப் போகும். பாய்லர் பெரும்பாலும் தப்பிவிடும். சட்டம் சில மில்லிமீட்டர் கோணினாலே போதும், அச்சின் பேரிங்குகள் சூடேறித் தேய ஆரம்பித்துவிடும்.

அந்தக் கோணலைக் கண்டுபிடிக்கும் பழைய வழி நம் கொத்தனார் வழிதான்: நூல் பிடிப்பது. சிலிண்டரின் நட்ட நடுவில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அது அச்சுக்குச் செங்கோணத்தில் போகிறதா என்று அளப்பார்கள். இப்போது அந்த வேலையை லேசர் செய்கிறது. விரிசலைப் பார்க்க எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணத்தூள் பூசித் தட்டுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாக எழும். சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது வளையாது, உடையும். சாதாரண வெல்டிங்கும் சுலபத்தில் பிடிக்காது. பாய்லரை இரண்டாம் முறை நம்ப வேண்டுமானால், குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள். உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. வார்ப்பச்சு செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும். அத்தனையும் தாண்டித்தான் ‘எக்ஸ்பிரஸ்’ திரும்பி வந்து, எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே மக்கள் கைதட்ட ஓடியது.

இவ்வளவு பாட்டையும் தவிர்க்கும் வழி மிகச் சாதாரணமானது. எஞ்சினை விட்டு இறங்கும்முன் ரெகுலேட்டரை மூடு, திசை மாற்றும் நெம்புகோலை நடுவில் வை, சிலிண்டர் வடிகுழாயைத் திற, கைப் பிரேக்கை இறுக்கு, சக்கரத்தின் இருபுறமும் கட்டை வை. பினாங்கில் தேர் பார்த்தவர்களுக்குக் கடைசி வேலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேர்ச் சக்கரத்துக்கு வைக்கும் அந்தக் கட்டைதான் முட்டுக்கட்டை; அந்தச் சொல்லை நாம் இன்று இடையூறு என்ற பொருளில் திட்டுவதற்கே வைத்திருக்கிறோம். எங்காவது பழைய நீராவி எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், படம் எடுக்கும்முன் சக்கரத்தடியில் குனிந்து பாருங்கள். கட்டை இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள்.