இஞ்சினுக்கும் நாடி பார்க்கலாம்!

பழைய காரை வைத்துப் போற்றுகிறவர்களுக்குத் தெரியும், அது வீட்டில் ஓர் ஆளைப் போன்றது. அதற்கு இருமல் வந்தால் நமக்குத் தூக்கம் போய்விடும். என் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் உண்டு. தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தந்தையார் 1971-ஆம் ஆண்டு பழையதாக வாங்கிய மோரிஸ் மைனர் 1000தான் அது.

அந்த வண்டியின் பெருமையை நம் பெரியவர்கள் அறிவார்கள். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. 1962 முதல் 1098 சி.சி. இஞ்சினோடு வந்தது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் எளிய இயந்திரம்.

தந்தையார் மறைந்த பிறகு வண்டி சில ஆண்டுகள் கொட்டகையில் சும்மா நின்றது. சென்ற ஆண்டு என் துணைவியார் பிடித்துவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, இஞ்சினை முழுவதும் இறக்கிப் புதுப்பித்தோம். சிலிண்டருக்குப் போரிங், புதிய பிஸ்டன், புதிய ரிங், வால்வுகளுக்கு அரைப்பு என்று எல்லாம் நடந்தது. பட்டணத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்தான் வேலையைச் செய்தார். ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர் அவர்.

முதலில் வண்டி பூப்போல ஓடியது. 1,400 மைல் ஓடியபின் தொடங்கியது வம்பு. காலையில் ஒழுங்காகக் கிளம்பும், சூடேறியதும் நடுங்கும். பள்ளிக்கூடத்து மேட்டில் ஏற மாட்டாமல் முனகும். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க, எனக்கு முகம் சிவந்துவிட்டது. “சீட்டுப் பணத்தை ஆற்றில் போட்டுவிட்டோமே” என்று வீட்டில் ஒரு சொல் விழுந்தது. பட்டறைக்காரர் பழைய ரிங்கையே திரும்பப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பெரியவர் நான் சொன்னதையெல்லாம் அமைதியாகக் கேட்டார். பிறகு, “வாத்தியாரே, கோவம் அப்புறம். மொதல்ல அளந்து பார்த்திடுவோம். பரீட்சை வைக்காமலே பையனைப் பெயிலாக்குவீங்களா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

<b>சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்</b>

அவர் செய்த சோதனைக்குக் கம்ப்ரஷன் சோதனை என்று பெயர். இதைப் புரிந்துகொள்ளப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். காற்று எதிர்த்துத் தள்ளும், பம்பும் சூடாகும். பம்புக்குள் இருக்கும் தோல் வாசர் தேய்ந்திருந்தால் காற்று கசிந்துவிடும், எதிர்ப்பு இராது.

இஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோல் கலந்த காற்றை நெருக்குகிறது. நன்றாக நெருக்கிய கலவை எரிந்தால்தான் பலம் பிறக்கும். அந்தக் காற்று தப்பி ஓட மூன்று வழிகள் உண்டு: பிஸ்டன் ரிங் ஓரமாகக் கீழே போகலாம், வால்வு சரியாக மூடாமல் மேலே போகலாம், ஹெட் கேஸ்கட் வழியே பக்கவாட்டில் போகலாம். எந்தச் சிலிண்டரில், எந்த வழியில் என்று கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம்.

பெரியவர் முதலில் மானி எதையும் எடுக்கவில்லை. மோரிஸ் மைனரின் முன்பக்கத்தில் கைப்பிடி செருகி இஞ்சினைச் சுற்றலாம் அல்லவா? பற்றவைப்பை நிறுத்திவிட்டு, மெல்லச் சுற்றினார். இரண்டு முழுச் சுற்றில் நான்கு சிலிண்டரும் ஒவ்வொரு முறை எதிர்க்க வேண்டும். “கையை வைச்சுப் பாருங்க” என்றார். மூன்று இடத்தில் கனத்தது. ஓர் இடத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

<b>அளக்கும் முறை</b>

பிறகுதான் அழுத்தமானி வந்தது. முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

இஞ்சின் சூடாக இருக்கவேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். காயிலுக்கு வரும் மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் ஸ்டார்ட்டர் திணறும். பிளக் துவாரத்தின் வழியே பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆகவே பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது.

மானியை ஒரு துவாரத்தில் இறுக்கிப் பொருத்தி, இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை அடிமட்டம் வரை மிதிக்கச் சொல்லவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிதிக்காவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை. நல்ல இஞ்சினும் நோஞ்சானாகத் தெரியும். பேட்டரி இளைத்திருந்தாலும் இதே தவறு நேரும். பிறகு ஸ்டார்ட்டரை இயக்கி, மானியின் முள் ஐந்தாறு முறை துள்ளும் வரை சுற்றவேண்டும். எல்லாச் சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை. படித்ததை உடனே தாளில் எழுதவேண்டும்.

நான் எழுதிக்கொண்டேன். சதுர அங்குலத்துக்கு முதல் சிலிண்டர் 150 பவுண்டு, இரண்டாவது 145, மூன்றாவது 95, நான்காவது 150.

எந்த எண் சரியானது என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு பொதுக் கணக்கு உண்டு. மிகக் குறைந்த எண், மிகக் கூடிய எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது. 150-இல் முக்கால் பங்கு 112½. ஆகவே மூன்றாம் சிலிண்டர் பரீட்சையில் தவறிவிட்டது.

<b>ஒரு தேக்கரண்டி எண்ணெய்</b>

“பார்த்தீர்களா அண்ணே, ரிங்குதானே?” என்றேன் நான், விடாமல்.

பெரியவர் பதில் சொல்லாமல், மூன்றாம் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளந்தார். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் பரவி ரிங் இடுக்குகளைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். குற்றம் ரிங்கில் இருந்தால் எண் நன்றாக மேலே ஏறும். வால்வில் இருந்தால் ஏறாது. எண்ணெய் அங்கே எட்டாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்து, எண்ணெய்க்கும் ஏறாவிட்டால் இடையில் கேஸ்கட் போயிருக்கலாம்.

முள் 100-இல் நின்றது. ஐந்து பவுண்டு மட்டுமே கூடியிருந்தது.

ரிங்கின்மேல் நான் சுமத்திய குற்றம் அங்கேயே விழுந்துவிட்டது. இஞ்சின் ஆறியதும் பெரியவர் மேல்மூடியைத் திறந்தார். ஆறிய நிலையில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 12 பங்கு இடைவெளி இருக்கவேண்டும். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சூடேறியதும் வால்வின் தண்டு நீண்டு, வால்வு தன் இருக்கையில் முழுவதும் உட்காரமுடியாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் தடுமாறியதன் இரகசியம் இதுதான்.

“ஐந்நூறு மைல்ல கொண்டாரச் சொன்னேனே, கொண்டாந்தீங்களா வாத்தியாரே?” என்று கேட்டார் பெரியவர்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வண்டியை ஒப்படைத்த அன்றே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: “500 மைல். ஹெட் இறுக்கணும். டேப்பட் பார்க்கணும்.” பள்ளிப் பரீட்சை வந்தது, பிறகு தீபாவளி வந்தது, சீட்டு என் சட்டைப் பையிலிருந்து மேசைக்குப் போய், பிள்ளைகளின் பயிற்சி நூல்களுக்கு அடியில் உறங்கிப்போயிற்று. புதிதாக அரைத்த வால்வு தன் இருக்கையில் அமர அமர, அந்த இடைவெளி குறையும். புதிய கேஸ்கட்டும் நெரிபட்டு அடங்கும். அதனால்தான் மறுபடி பார்க்கவேண்டும் என்றார். தவறு பட்டறையில் இல்லை. என் மேசையில் இருந்தது.

அவர் ஹெட் நட்டுகளை முறைப்படி இறுக்கிவிட்டு, டேப்பட்டுகளைச் சரிசெய்தார். அதிலும் எனக்கு ஒரு கணக்குப் பாடம். எட்டு வால்வுகளுக்கு முன்னிருந்து எண் கொடுத்துக்கொண்டு, கூட்டினால் ஒன்பது வரவேண்டும். முதல் வால்வைச் சரிசெய்ய எட்டாவது முழுவதும் திறந்திருக்கவேண்டும். ஐந்தாவதைச் சரிசெய்ய நான்காவது. எங்கள் குற்றவாளி அந்த ஐந்தாவதுதான்.

மறுபடி சூடாக்கி அளந்தோம்: மூன்றாம் சிலிண்டர் 140. இன்னும் சில நூறு மைல் அப்படியே ஓட்டியிருந்தால், வால்வு ஓரம் எரிந்து ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்றார்.

<b>வாசகர்கள் கவனத்திற்கு</b>

புதுப்பித்த இஞ்சினை வாங்கிய முதல் நாளே அளந்துவிட்டு, எண் குறைவு என்று சண்டைக்குப் போகாதீர்கள். புதிய ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டி ஓட 500 முதல் 1,000 மைல்வரை பிடிக்கலாம். அதுவரை நான்கும் ஒன்றுபோலச் சற்றுத் தாழ்ந்திருப்பது குற்றமல்ல. ஒன்று மட்டும் தனித்துத் தாழ்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதல் அளவை எழுதி வைத்துக்கொண்டு, 1,000 மைலில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

பழைய கார்களுக்கு இன்னொன்று. அவை ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பெட்ரோல் இன்று கிடையாது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் இருக்கை தேயக்கூடும். எனவே டேப்பட்டை அடிக்கடி பார்ப்பது நல்லது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையம் போட்டுவிட்டால் கவலை தீரும்.

டீசல் வண்டிக்கு இந்த எண்ணெய்ச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் மிக அதிகம். ஊற்றிய எண்ணெயே பற்றிக்கொண்டு ஆபத்தாகிவிடும். மானியும் வேறு.

அன்று மாலை நான் பணத்தை நீட்டியபோது பெரியவர் வாங்கவில்லை. “சீட்டுல எழுதின வேலையைத்தானே செஞ்சேன், இதுக்கு ஏது காசு?” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு மானியும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் இல்லாதிருந்தால், அன்று ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் திருடனாக்கியிருப்பேன். மோரிஸ் இப்போது பள்ளிக்கூடத்து மேட்டில் முனகாமல் ஏறுகிறது. பெரியவரின் சீட்டைத் தேடி எடுத்து, மைல் மானிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.