பாட்டுக் கருவி ஊமையானால் என்ன செய்வது?

2025-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி.

உலகின் பல நாடுகளில், வீட்டில் இருந்த சின்னஞ்சிறு பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன!

மின்சாரம் இருந்தது. விளக்கு எரிந்தது. வைஃபையும் இருந்தது. ஆனால் செல்போனில் பாட்டைத் தட்டினால், "இந்தக் கருவியை நம்ப முடியாது" என்ற பொருளில் ஓர் அறிவிப்புதான் வந்தது.

எல்லாரும் திகைத்தார்கள். சிலர் பொறுமையாக இருந்தார்கள். சிலர் அவசரப்பட்டு, கருவியில் இருந்த பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

பொறுத்தவர்கள் பிழைத்தார்கள். அவசரப்பட்டவர்கள் தவித்தார்கள்!

ஏன் அப்படி? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம்.

எண்கள் பாட்டாகும் விந்தை

இண்டர்நெட்டில் வரும் பாட்டு, பாட்டாக வருவதில்லை. எண்களாக வருகிறது!

1982-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த சி.டி. தட்டிலும் இப்படித்தான். அதில் ஒரு விநாடிப் பாட்டு, 44,100 முறை அளந்து எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் வலது காதுக்குத் தனியாக, இடது காதுக்குத் தனியாக!

இந்த எண்களை மின்சார அலையாக மாற்ற ஒரு கருவி வேண்டும். அதுதான் ஒலிமாற்றி. 'டாக்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதிலிருந்து வரும் அலையை ஆம்ப்ளிபையர் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் பாடுகிறது.

வைஃபை மூலமோ, கம்பி மூலமோ வீட்டு ரவுட்டரில் சேர்ந்துகொள்ளும் ஒலிமாற்றிகளும் உண்டு. பழைய ஆம்ப்ளிபையரில் செருகினால் போதும். அது புதுப் பாட்டெல்லாம் பாடும்.

கூப்பிட்டால் குரல் கொடுக்கும்

பாட்டு செல்போனிலிருந்து ஒலிமாற்றிக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல கருவிகளில் அப்படி இல்லை.

செல்போன் "இந்தப் பாட்டைப் போடு" என்று கட்டளை மட்டும் இடுகிறது. பாட்டை, ரவுட்டர் வழியாக ஒலிமாற்றியே நேரில் வாங்கிக்கொள்கிறது.

சரி, வீட்டில் ஒலிமாற்றி இருப்பது செல்போனுக்கு எப்படித் தெரியும்?

கூப்பிட்டுப் பார்க்கிறது! "பாட்டுக் கருவி யாராவது இருக்கிறீர்களா?" என்று வீட்டு வைஃபை முழுவதும் ஓர் அழைப்பு விடுகிறது. "நான் இருக்கிறேன். என் முகவரி இது" என்று ஒலிமாற்றி பதில் சொல்கிறது. உடனே அதன் பெயர் திரையில் தெரிகிறது.

அழைப்பு காதில் விழாவிட்டால்? பெயர் தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கருவியோ நன்றாகவே இருக்கும்!

அழைப்பை மறிப்பது எது?

ஒன்று: செல்போன் வேறு வைஃபையில் இருக்கலாம். வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால், சில சமயம் அவை இரண்டு தனி வீடுகள் போல ஆகிவிடும். ஒரு வீட்டில் கூப்பிட்டால் மறு வீட்டில் கேட்காது.

இரண்டு: விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருப்பார்கள். அதில் சேர்ந்த கருவிகள் வீட்டுக் கருவிகளோடு பேச முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது.

மூன்று: செல்போனில் வி.பி.என். ஓடிக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டராக இருந்தால், அதன் 'பயர்வால்' என்ற காவலாளி அழைப்பை வெளியே விடாமல் நிறுத்தலாம்.

நான்கு: ஐபோனில் 2020-ம் ஆண்டு முதல் ஒரு புதுக் கேள்வி வருகிறது. "வீட்டில் உள்ள மற்றக் கருவிகளை இந்த ஆப் தேடலாமா?" என்று கேட்கும். அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டியிருந்தால், அந்த ஆப் எதையும் கண்டுபிடிக்காது. அமைப்புகளில் போய் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

பெயர் தெரிகிறது, சத்தம் இல்லை!

இது வேறு நோய். ஆம்ப்ளிபையரில் சரியான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாட்டு விட்டு விட்டு வந்தால், வைஃபை பலமில்லை என்று சந்தேகப்படலாம். கருவியில் கம்பி செருகும் துளை இருந்தால், ரவுட்டரோடு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஒழுங்காகப் பாடினால் குற்றவாளி வைஃபைதான்.

சில பாட்டுகள் மட்டும் வரவில்லையா? சில பதிவுகள் விநாடிக்கு 1,92,000 முறை அளக்கப்பட்டவை. சில ஒலிமாற்றிகளோ 96,000 வரைதான் ஏற்கும். ஆப்பில் ஒலித் தரத்தை ஒரு படி குறைத்தால் பாட்டு வந்துவிடும்.

வரிசை முக்கியம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில், செல்போனும் கருவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, வேறொரு செல்போனில் முயன்று பாருங்கள். அதில் பாடினால், கோளாறு கருவியில் இல்லை. உங்கள் செல்போனில்தான்!

அதன் பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு ஒலிமாற்றியை அணைத்துப் போடுங்கள். கடைசியாக ஆப்பை மூடித் திறங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அணைத்துப் போடுவது வேறு. 'ரீசெட்' செய்வது வேறு. அணைத்துப் போட்டால் கருவி தூங்கி எழுகிறது. ரீசெட் செய்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. உங்கள் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் கூட அதற்கு நினைவிராது!

மார்ச் 9-ல் நடந்தது என்ன?

அன்று ஊமையானவை கூகுள் கம்பெனியின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும், குரோம்காஸ்ட் ஆடியோவும்.

குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ம் ஆண்டு வந்தது. சுமார் 2 அங்குல அகலமுள்ள வட்டம். விலை 35 டாலர். வைஃபையில் பாட்டை வாங்கி ஆம்ப்ளிபையருக்குக் கொடுக்கும். 2019-ல் அதைச் செய்வதை கம்பெனி நிறுத்திவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அது பாடிக்கொண்டே இருந்தது.

பாட்டைப் போடுமுன் செல்போன் அதனிடம், "நீ அசல் கருவிதானா?" என்று கேட்கும். கருவி தன் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழ் சங்கிலியில் ஒன்றுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். மார்ச் 9-ந் தேதியோடு அது காலாவதியாகிவிட்டது!

பஸ் பாஸ் தேதி முடிந்தால் நடத்துநர் ஏற்பாரா? அதே கதைதான். கருவி கெடவில்லை. பாஸ்தான் முடிந்தது.

"யாரும் ரீசெட் செய்யாதீர்கள்" என்று கூகுள் கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்திய மென்பொருளை அனுப்பியது. வைஃபையோடு சேர்ந்திருந்த கருவிகள் அதைத் தாமே வாங்கிக்கொண்டு மறுபடி பாடின.

ரீசெட் செய்த கருவிகளோ வைஃபையை மறந்துவிட்டன. வைஃபையில் சேர்க்க முயன்றால் மறுபடி சான்றிதழ் கேட்கப்பட்டது. காலாவதியான சான்றிதழைக் காட்டினால் யார் சேர்ப்பார்கள்? செல்போன் ஆப்பையும் கம்பெனி திருத்தும் வரை, அவர்கள் மேலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நேற்று வரை பாடிய கருவி இன்று திடீரென்று ஊமையானால், புதுக் கருவி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பொத்தானையும் தொடாதீர்கள். அதே கருவி வைத்திருக்கும் நண்பரிடம், "உங்கள் வீட்டில் பாடுகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அங்கும் பாடவில்லை என்றால், பிழை உங்கள் வீட்டில் இல்லை. இரண்டு நாள் பொறுங்கள்.

அங்கே பாடுகிறது என்றால், மேலே சொன்ன வரிசைப்படி பாருங்கள். ரீசெட் பொத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும்!