சேகரிப்பாளர்கள் விரும்பாத பழைய வீடியோ கேம் கருவிகள்

பழைய வீடியோ கேம் கருவிகளைத் தேடி வாங்கிச் சேர்த்து வைப்பது இன்று பல நாடுகளில் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு ஆகும். தபால்தலை, நாணயம் சேர்ப்பதைப் போலவே இதற்கும் சந்தை உண்டு, ஏலமும் உண்டு. ஆயினும் பழையவை எல்லாம் விலைபோவதில்லை. 1970களின் நடுப்பகுதியில் வெளிவந்த 'பாங்' வகைக் கருவிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய முதல் தலைமுறைக் கருவிகள் இவை. வயது ஏறத்தாழ ஐம்பது. இருந்தும் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இவற்றைக் கண்டால் கடந்து போய்விடுகிறார்கள். பல நேரங்களில் கருவியின் விலையைவிட அதை அனுப்பும் அஞ்சல் செலவு அதிகம். இதன் காரணங்களையும், இந்தப் புறக்கணிப்பால் நேரும் இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

(வீடியோ கேம் என்பதைத் தமிழில் நிகழ்பட ஆட்டம் என்றும் எழுதுவர். படிப்போருக்குப் பழகிய சொல்லே இங்கு ஆளப்படுகிறது.)

சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள்?

பழைமையும் அருமையும் இருந்தால் மதிப்பு வந்துவிடும் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். சந்தையில் தோற்ற கருவியைச் சேகரிப்பாளரும் ஒதுக்குவார் என்றும் எண்ணத் தோன்றும். இரண்டுமே சரியல்ல. நின்டெண்டோ நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'வெர்ச்சுவல் பாய்' படுதோல்வி அடைந்தது. விற்றது சுமார் 7,70,000 மட்டுமே. சிவப்பு நிறத்தில் மட்டும் படம் காட்டிய அக்கருவியை இன்று பலரும் ஆசையோடு தேடுகிறார்கள். மறுபக்கம், சோனியின் 'பிளேஸ்டேஷன் 2' 15 கோடிக்கும் மேல் விற்றது. அது எங்கும் கிடைப்பதால் கருவிக்கு விலை குறைவு. ஆனால் அதில் மட்டுமே வெளிவந்த சில விளையாட்டுகளுக்கு விலை உண்டு.

சேகரிப்பாளரை இழுப்பவை பெரும்பாலும் இவைதாம்: வேறெதிலும் ஆட முடியாத விளையாட்டு, பெயர்பெற்ற நிறுவனம், சிறுவயது நினைவு. அதோடு, 'இத்தனை வாங்கினால் தொகுப்பு முழுமை பெறும்' என்ற எல்லையும் வேண்டும். பாங் வகைக் கருவிகளிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பதை அறிய அவற்றின் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

ஒரு சில்லு, நூற்றுக்கணக்கான பெட்டிகள்

வீட்டில் ஆடும் வீடியோ கேம் கருவிகளில் முதலாவது 'மேக்னவாக்ஸ் ஒடிசி'. அமெரிக்காவில் 1972இல் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளர் 1960களின் இறுதியில் உருவாக்கிய மாதிரிதான் அதன் அடிப்படை. அந்த மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒடிசிக்கு ஒலி கிடையாது. புள்ளிகளை எண்ணும் வசதியும் கிடையாது. மைதானம் வரைந்த பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரையில் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். அதே 1972இல் அட்டாரி நிறுவனம் காசு போட்டு ஆடும் 'பாங்' இயந்திரத்தை வெளியிட்டது. இரு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவுதான். ஆனால் கூட்டம் அலைமோதியது. அதன் வீட்டுப் பதிப்பு 1975 கிறிஸ்துமஸ் காலத்தில் சியர்ஸ் கடைகளில் விற்பனையானது.

இதுவரை இத்தகைய கருவியைச் செய்ய மின்னணுவியல் வல்லுநர் தேவைப்பட்டார். 1976இல் அந்த நிலை மாறியது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 'ஏஒய்-3-8500' என்ற ஒருங்கிணைந்த சில்லை விற்கத் தொடங்கியது. டென்னிஸ், கால்பந்து, ஸ்குவாஷ், தனிப்பயிற்சி, துப்பாக்கி சுடுதல் இரண்டு என ஆறு விளையாட்டுகள் அந்த ஒரே சில்லுக்குள் இருந்தன. புள்ளி எண்ணுவதும் 'டிக், டொக்' என்று ஒலி எழுப்புவதும் அதுவே. பிளாஸ்டிக் பெட்டி, சுழற்றும் குமிழ்கள், சில பொத்தான்கள், தொலைக்காட்சிக்கு இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் விற்பனைக்கு ஒரு கருவி தயார்.

விளைவை ஊகிக்கலாம். பொம்மை நிறுவனங்கள், வானொலி நிறுவனங்கள், அதுவரை பெயரே கேள்விப்படாத நிறுவனங்கள் எல்லாம் களத்தில் இறங்கின. அமெரிக்காவில் கோல்கோ நிறுவனத்தின் 'டெல்ஸ்டார்' 1976இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. சில்லுக்கு முதலில் பதிவு செய்த நிறுவனம் அதுதான். தட்டுப்பாடு வந்தபோது மற்றவர்கள் காத்திருக்க, கோல்கோவுக்குத் தடையின்றிச் சரக்கு கிடைத்தது. பிரிட்டனில் பைனாடோன் நிறுவனம் 'டிவி மாஸ்டர்' என்ற பெயரில் விற்றது. இந்நிறுவனத்தை 1958இல் தொடங்கியவர்கள் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த லால்வானி சகோதரர்கள். சோவியத் நாட்டில் 'துர்னீர்' என்ற கருவியிலும் இதே சில்லுதான். மாதிரிகளின் எண்ணிக்கை உலகெங்கும் பல நூறைத் தாண்டியது. பெட்டியின் நிறமும் பெயரும் மாறினவே தவிர, உள்ளே இருந்த விளையாட்டு மாறவில்லை.

1976 இறுதியில் 'ஃபேர்சைல்டு சேனல் எஃப்', 1977இல் அட்டாரியின் 'வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்' ஆகியவை வந்தன. இவற்றில் கேட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் புதிய விளையாட்டுகளை ஆடலாம். (நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்றழைத்தது இதைத்தான்.) பாங் கருவிகள் விற்காமல் தேங்கின. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்பட்டன.

ஏன் யாரும் சீண்டுவதில்லை?

முதற்காரணம் மேலே சொன்னதுதான். ஒரு பெட்டியை வாங்கியவர் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளையும் ஆடிவிட்டார். இரண்டாவது பெட்டி புதிதாக எதையும் தராது. தொகுப்பை முழுமையாக்கலாம் என்றாலும் எங்கே முடிப்பது? ஒரே பொருளைப் பத்துப் பெயர்களில் விற்றிருக்கிறார்கள். பட்டியல் போடுவதே பெரும்பாடு.

அடுத்தது இணைப்புச் சிக்கல். இக்கருவிகள் தொலைக்காட்சியின் ஆன்டெனா முனையில் இணைக்கப்படுபவை. ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையத்தைப் போல, காலியாக உள்ள ஒரு சேனலில் தம் படத்தை அனுப்புபவை. பழைய ஒளிபரப்பு முறையை ஏற்கும் பகுதி இல்லாத இன்றைய தொலைக்காட்சிகளில் அந்தப் படம் தெரியாது. அமெரிக்கக் கருவியும் ஐரோப்பியக் கருவியும் வெவ்வேறு ஒளிபரப்பு முறைகளைச் சேர்ந்தவை என்பது கூடுதல் தொல்லை.

குமிழ்களும் கெட்டுப்போகும். பழைய வானொலியில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினால் 'கரகர' என்று இரைச்சல் கேட்கும் அல்லவா? அதே வகை மின்தடைக் குமிழ்தான் இங்கு மட்டையை நகர்த்துகிறது. உள்ளே தூசும் தேய்மானமும் சேர்ந்தால் மட்டை திரையில் நடுங்கும். பல மாதிரிகளில் குமிழ்கள் பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் கழற்றி மாற்றவும் வழியில்லை.

நினைவு என்பதை நான் கடைசியில் வைத்தாலும் அதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து. மரியோ என்ற பெயரைச் சொன்னால் ஒரு முகம் தோன்றுகிறது. பாங் கருவியில் முகமே இல்லை. இரண்டு கோடுகளும் ஒரு கட்டமும்தான். ஒரு பண்டிகைக் காலத்தில் வாங்கி, சில வாரம் ஆடி, பரண்மேல் ஏற்றிய பொருளுக்காக ஏங்குவோர் குறைவு.

விதிவிலக்குகள்

இதே வகை விளையாட்டைக் கொண்ட சில கருவிகளுக்கு மட்டும் மதிப்பு உண்டு என்பது கவனிக்கத்தக்கது. நின்டெண்டோ 1977இல் ஜப்பானில் வெளியிட்ட 'கலர் டிவி கேம் 6' ஒரு சாதாரணப் பந்து மட்டை விளையாட்டுக் கருவிதான். ஆனால் அதுவே அந்நிறுவனத்தின் முதல் வீட்டுக் கருவி. பின்னாளில் மரியோவைத் தந்த பெயர் அதன்மேல் அச்சாகியிருப்பதால் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் 'பிஎஸ்எஸ் 01' இன்னும் சுவையானது. அதற்குள் இருப்பதும் அதே ஏஒய்-3-8500 சில்லுதான். பிரிட்டனில் அச்சில்லுள்ள பெட்டி குப்பைக்குப் போகிறது; இதுவோ விரும்பிச் சேர்க்கப்படுகிறது. இல்லாமற்போன ஒரு நாட்டில் செய்யப்பட்ட வீட்டு வீடியோ கேம் என்பதே காரணம். கோல்கோவின் 'டெல்ஸ்டார் ஆர்கேடு' (1977) முக்கோண வடிவப் பெட்டி. ஒரு பக்கம் ஸ்டியரிங் சக்கரம், ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் குமிழ்கள். விளையாட்டைவிட அதன் உருவத்துக்காகவே வாங்குகிறார்கள்.

இழப்பு எங்கே இருக்கிறது?

யாரும் விரும்பாத பொருள் அழிந்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான பழைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை கருவி அழிந்தாலும் விளையாட்டு அழிவதில்லை. கேட்ரிட்ஜில் உள்ள நிரலைப் படியெடுத்துக்கொண்டால், பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளின் உதவியோடு கணினியிலேயே ஆடிவிடலாம்.

பாங் கருவியில் படியெடுக்க நிரலே கிடையாது. இந்த இடத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

பழைய தொலைக்காட்சித் திரையில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடிப் படத்தை வரையும். நாம் ஒரு பக்கத்தைப் படிக்கும் அதே வரிசை. சில்லுக்குள் இருக்கும் எண்ணிகள், கற்றை இப்போது எத்தனையாவது வரியில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வரும். பந்து இருக்க வேண்டிய இடத்தோடு அந்த எண்ணிக்கை பொருந்தும் கணத்தில் சில்லு 'வெள்ளை' என்ற குறிப்பை அனுப்பும். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். மட்டைக்கும் அப்படியே. பந்துக்கான குறிப்பும் மட்டைக்கான குறிப்பும் ஒரே நேரத்தில் வந்தால் மோதல் நிகழ்ந்தது என்று பொருள், பந்து திரும்பும்.

படத்தைச் சேமிக்க நினைவகம் இல்லை. கட்டளைகளைப் படித்து இயங்கும் செயலி இல்லை. விளையாட்டின் விதிகள் கம்பிகளின் அமைப்பிலேயே பொதிந்துள்ளன. அட்டாரியின் முதல் பாங் இயந்திரமும் இப்படித்தான். அறுபதுக்கும் மேற்பட்ட சிறு சில்லுகளை ஒரு பலகையில் இணைத்துச் செய்தார்கள். கணிதப் பாடத்தில் விடையை எழுதி வைப்பதற்கும் விடை தரும் இயந்திரத்தைச் செய்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

ஆகவே இத்தகைய விளையாட்டைக் காக்க வேண்டுமானால் சுற்றையே காக்க வேண்டும். இதற்கு இன்று கையாளப்படும் வழி, சில்லின் மேலுறையை அகற்றி, உள்ளிருக்கும் சிலிக்கான் தகட்டை நுண்ணோக்கியின் கீழ்ப் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் இணைப்பையும் தடம்பிடித்து வரைவது. ஏஒய்-3-8500 சில்லுக்கு ஆர்வலர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். இம்முறையில் அந்தச் சில்லு மீண்டும் பயன்படாமல் போய்விடும் என்பதால், ஒன்றிரண்டு சில்லுகளாவது கைவசம் எஞ்சியிருக்க வேண்டும்.

ஏஒய்-3-8500 கோடிகளில் ஒன்றல்ல, கூட்டத்தில் ஒன்று, ஆகவே தப்பிவிட்டது. அதே காலத்தில் வேறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்த சில்லுகளும் உண்டு. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள். உள்ளே எது இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். விலையில்லாப் பொருள் என்று மூட்டையாகக் குப்பைக்கு அனுப்பும்போது எது போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. சேகரிப்புச் சந்தை எதற்கு விலை வைக்கிறதோ அது மட்டுமே தூசு தட்டிக் காக்கப்படுகிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பெர்லினில் உள்ள கணினி விளையாட்டு அருங்காட்சியகம், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்றவை விலையைப் பாராமல் சேர்க்கின்றன. ஆனால் எந்த அருங்காட்சியகமும் பல நூறு மாதிரிகளையும் இடம் ஒதுக்கி வைத்துவிட முடியாது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1990களில் இந்திய வீடுகளில் பிள்ளைகள் ஆடிய 'டிவி கேம்' கருவிகளில் பல, நின்டெண்டோவின் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் சிலவே திரும்பத் திரும்ப வரும். ஊருக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு பெட்டி. பாங் கருவிகளுக்கு நேர்ந்த அதே கதிதான் இவற்றுக்கும். ஒரு வேறுபாடு: நினைவு இங்கே இருக்கிறது. ஆகவே இவற்றைத் தேடுவோர் சிலராவது இருக்கிறார்கள்.

கருவி கையில் கிடைத்தால்

பழைய பொருட்கள் கடையிலோ பரணிலோ இத்தகைய கருவி கிடைத்தால் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. முதலில் பேட்டரி அறையைத் திறக்கவும். உள்ளே பழைய பேட்டரிகள் கசிந்து உப்புப் படிந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். காரப் பேட்டரியின் கசிவை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலரவிடலாம்.

பல மாதிரிகள் 1.5 வோல்ட் பேட்டரிகள் ஆறில், அதாவது 9 வோல்ட்டில் இயங்குபவை. அடாப்டர் பயன்படுத்துவதானால், முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதைப் பெட்டியில் உள்ள குறியோடு ஒப்பிட்ட பிறகே செருக வேண்டும். மாற்றிச் செருகினால் சில்லு போய்விடும்.

கருவி இயங்காவிட்டாலும் எறிய வேண்டியதில்லை. அடிப்பக்கத்து ஒட்டுத்தாள், உள்ளே உள்ள பலகையின் இரு பக்கங்கள், சில்லின்மேல் அச்சாகியுள்ள எழுத்துகள் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து வைக்கவும். சில்லின்மேல் உள்ள நான்கு இலக்க எண் பெரும்பாலும் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7732 என்று இருந்தால் 1977ஆம் ஆண்டின் 32ஆவது வாரம்.