தோளும் இடுப்பும் சொல்லும் வரலாறு

கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் அமைந்த ஆடவர் உடை உலகெங்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் தோள், இடுப்பு, பின்புறம் ஆகிய மூன்றையும் உற்று நோக்கினால், அஃது எந்த நாட்டின் மரபில் உருவானது என்பதை அறியலாம்.

ஐரோப்பிய மரபு

இலண்டன் மாநகரின் சவைல் ரோ என்னும் தெரு தையற்கலைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள தையற்கலைஞர்கள் படைத்துறைச் சீருடைகளையும் குதிரையேற்ற உடைகளையும் தைத்துத் தேர்ந்தவர்கள். எனவே, ஆங்கிலேயக் கோட்டில் தோள் நிமிர்ந்தும் இடுப்பு ஒடுங்கியும் காணப்படும். குதிரைமீது அமரும்போது கோட்டின் கீழ்ப்பகுதி பிரிந்து விழுவதற்காக ஏற்பட்ட பின்புறப் பிளவு, இன்றும் அதில் நிலைத்துள்ளது.

இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் வெப்பம் மிகுந்த நகரம். அங்கு 1930களில் வின்சென்சோ அத்தோலினி என்னும் தையற்கலைஞர், ஆங்கிலேயக் கோட்டின் தோள்திண்டையும் கனத்த உள்துணியையும் நீக்கினார். கோட்டு, சட்டையைப் போல இலகுவாயிற்று. ஐரோப்பிய மரபு என்பது ஒன்றன்று என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்க மரபு

அமெரிக்க மரபை வடிவமைத்ததில் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின்போது, படைவீரர்க்குப் பெருந்தொகையில் சீருடைகள் தேவைப்பட்டன. அதற்காகத் திரட்டப்பட்ட உடல் அளவுகள், பின்னர் ஆடைகளைப் பொது அளவுகளில் தைக்க உதவின. தையல் இயந்திரமும் துணைநின்றது.

ஒரே அளவு பலர்க்கும் பொருந்த வேண்டுமெனில், இடுப்பை மிகுதியாக ஒடுக்க இயலாது. எனவே, முன்புறத்தில் இடுப்பை ஒடுக்கும் தையல் இன்றி, திண்டு குறைந்த இயல்பான தோளுடன், நேராகத் தொங்கும் கோட்டு அங்கு உருவானது. 1818இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இதனைப் பரவச் செய்தது. 1950களில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரின் அடையாளமாகவும் இது விளங்கியது.

கழுத்துப்பட்டையின் கோடுகள்

இங்கிலாந்தில் கழுத்துப்பட்டையின் சாய்கோடுகள், அணிந்திருப்பவர் எப்படைப்பிரிவை அல்லது எக்கல்விக்கூடத்தைச் சார்ந்தவர் என்பதை உணர்த்தும். உரிமை இல்லாதவர் அணிவது முறையன்று. அக்கோடுகள் இடத்தோளிலிருந்து வலப்புறம் நோக்கி இறங்கும். அமெரிக்க நிறுவனமோ கோடுகளின் திசையை மாற்றி, அனைவருக்கும் விற்பனை செய்தது. ஒரு குழுவின் அடையாளம், விரும்பியவர் எவரும் வாங்கும் அழகுப் பொருளாயிற்று.

ஈட்டமும் இழப்பும்

ஒருவர்க்கென அளவெடுத்துத் தைக்கும் கோட்டு உடலின் குறையை மறைத்து நிறைவைக் காட்டும். ஆனால் அதற்குப் பலமுறை அளவு பார்த்தலும் மிகுந்த பொருளும் தேவை. ஆயத்தக் கோட்டு அந்த நுட்பத்தை இழந்தது. எனினும் அலுவலக எழுத்தரும் முதலாளியும் ஒரே வடிவ உடையில் நிற்கும் வாய்ப்பை அது அளித்தது. ஆடையை மதிப்பிடுவோர் அதன் அழகோடு, அஃது யார்க்கெல்லாம் எட்டியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.