வாங்க, பின்கட்டுக்குப் போகலாம்!

கொச்சிக்குக் கதகளி பார்க்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே போய் இடம் பிடித்துவிடுவார்கள். நடிகர் பாயில் மல்லாந்து கிடக்க, இன்னொருவர் அவர் தாடையோரம் 'சுட்டி' என்கிற வெள்ளை ஒப்பனை விளிம்பை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருப்பாரே, அதைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம்! அந்த அணியறை, அதாவது ஒப்பனை அறைக் காட்சி எனக்கு உயிர். ஆட்டம்கூட அப்புறம்தான்.

மட்டாஞ்சேரிக்கு வந்தால் அதே ஆசை தலைக்கேறிவிடுகிறது. அரண்மனைச் சுவரில் ராமாயண ஓவியம், 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயம், சுக்கும் மிளகும் மணக்கும் பஜார் தெரு. எல்லாம் அழகுதான், எல்லாம் முன்கட்டு. இன்றைக்கு நாம் போகப்போவது பின்கட்டுக்கு: இந்த ஊரின் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைக்கும் கைகளைப் பார்க்க!

முதல் நிறுத்தம் யூதத் தெரு. இங்கே ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த சாரா கோஹனை எத்தனை ஆயிரம் பேர் படம் எடுத்திருப்பார்கள்! யூதர்கள் தலையில் அணியும் கிப்பா தொப்பி, சப்பாத் ரொட்டியை மூடும் பூவேலைத் துணி என்று வீட்டின் முன்னறையிலேயே கடை வைத்திருந்தார். 2019 ஆகஸ்ட் 30-ல், 96 வயதில் காலமானார். அந்தப் படங்களில் பெரும்பாலும் விழாத ஒருவர் உண்டு: தாஹா இப்ராஹிம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இதே தெருவில் சுற்றுலாப் பயணிகளிடம் அஞ்சலட்டை விற்ற பையன். அட்டைகளைப் போட்டுவைக்கும் கிடங்கு ஒருநாள் திறக்கவில்லை. சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன், 'நம்ம வீட்டிலே வைச்சுக்கோ' என்று இடம் கொடுத்தார். சாராவுக்கு முதலில் அது பிடிக்கவே இல்லையாம்! பிறகு பையனின் கைத்திறன் தெரிந்தது, கடையில் உதவிக்குச் சேர்ந்தான், வீட்டுப்பிள்ளை ஆனான். 1999-ல் ஜேக்கப் கண்மூடும் தறுவாயில், மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி தாஹாவிடம்தான் கேட்டுக்கொண்டார். இருபது வருடம் அந்த வாக்கு நின்றது. சாரா போன பிறகும் கடை தொடர்ந்தது.

பத்திரிகைகள் இதை முஸ்லிம்–யூதர் நட்பின் கதையாக எழுதின. சரிதான், எனக்கும் கண் நிறைகிறது. ஆனால் எனக்கு இதில் தெரிவது இன்னொன்று. இருபது வருடம் என்பது பாசம் மட்டும் இல்லை, தினசரி வேலை. ஒரு மூதாட்டியின் வீடும் கடையும் நாள் தவறாமல் ஓடியிருக்கின்றன என்றால், ஒரு மனிதரின் நேரமும் முதுகும் தூக்கமும் அதில் போயிருக்கின்றன. அவருக்குக் கிடைத்தது என்ன? நம்பிக்கை. வீட்டுக்குள் இடம். 'இது உன் பொறுப்பு' என்கிற மரியாதை. பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்வது இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

அது ஒரு வீடு. இப்போது கேரளமே அந்த வீடு மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 60 வயது தாண்டியவர்கள் 12.6 சதவீதம், 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீடு 16.5 சதவீதம். இந்தியாவிலேயே அதிகம், நம் தமிழ்நாடு 13.6-உடன் பின்னாலேயே வருகிறது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும். அங்கே பலர் நர்ஸ் வேலையில் ஊரார் தாத்தா பாட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்! இங்கே அவர்களுடைய அப்பச்சனையும் அம்மச்சியையும் பார்ப்பது யார்? கன்னியாஸ்திரிகள், குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஹோம் நர்ஸ்கள், நர்சிங் உதவியாளர்கள், சமையல்கார சேச்சிகள்.

சரி, முதியோர் இல்லங்களின் பின்கட்டுக்கு வந்துவிட்டோம். சுவரில் முதலில் கண்ணில் படவேண்டியது ரோஸ்டர், யாருக்கு எப்போது பணி என்கிற அட்டவணை. கேரளத்து நர்ஸ்களிடம் 'ஆறு ஆறு பன்னிரண்டு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் சொல்லிவிடும்: காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் வேண்டும் என்பது அவர்களில் பலருடைய நெடுநாள் கோரிக்கை. இரவுப் பணி முடித்தவர் காலைப் பணிக்கு வருகிறவரிடம் பொறுப்பைக் கை மாற்றும் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் என் அணியறை! யார் தூங்கவில்லை, யார் கஞ்சியைத் தள்ளிவிட்டார், யாருக்கு முதுகில் லேசாகச் சிவந்திருக்கிறது. இந்தச் சிவப்பைச் சொல்ல மறந்தால் படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அதற்காகத்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா, அவசரப்படுத்தாமல் விடுகிறார்களா என்று பார்த்தாலே ஒரு இல்லத்தின் தரம் தெரிந்துவிடும்.

அடுத்து தூக்குகிற வித்தை. இதைச் சொல்லும்போதே எனக்குத் துள்ளுகிறது, ஏனென்றால் இதில் ஒரு எண் இருக்கிறது! அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த ஆய்வாளர் கணக்குப் போட்டுச் சொன்ன வரம்பு: நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவர் ஏற்கும் பாரம் 35 பவுண்டுக்குள் இருக்கவேண்டும். ஏறக்குறைய 16 கிலோ, அவ்வளவுதான். ஐம்பது கிலோ அம்மச்சியைத் தனியாளாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற சேச்சி தினமும் எத்தனை முறை அந்த வரம்பைத் தாண்டுகிறாள்! அதனால்தான் நல்ல இடங்களில் வழுவழுப்பான ஸ்லைடு ஷீட் இருக்கும், ஏற்றி இறக்கும் கட்டில் இருக்கும், இடுப்பில் கட்டும் பெல்ட் இருக்கும், வசதியிருந்தால் ஆளையே தொட்டிலில் வைத்துத் தூக்கும் ஹாய்ஸ்ட் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாவது ஆள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்று, முழங்காலை மடக்கு, பாரத்தை உடம்போடு ஒட்டி வை, முதுகை முறுக்காதே. பிறகு, 'அம்மச்சி, ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன், நீங்களும் என்கூட எழுந்திருங்க!' பெரியவரும் சேர்ந்து எழ முயன்றால் பாரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். அவருக்கும் பெருமை.

மட்டாஞ்சேரிக்கே உரிய இன்னொரு வித்தை மொழி. ஓரிரு சதுர மைல் இடத்துக்குள் கொங்கணி, குஜராத்தி, கச்சி (கட்ச் பகுதியின் பேச்சு), தமிழ், உருது, மலையாளம் என்று எத்தனை வீட்டுப் பேச்சுகள்! மறதிநோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடுவதும், தாய்மொழி கடைசிவரை தங்கிவிடுவதும் உண்டு. ஐம்பது வருடம் மலையாளத்தில் கடை நடத்திய குஜராத்தித் தாத்தா ஒருநாள் குஜராத்தியில் மட்டும் தண்ணீர் கேட்கத் தொடங்கலாம். புரியாவிட்டால் கோபம் வரும், கை ஓங்கும். ஆகவே நான்கு மொழியில் 'பசிக்குதா, வலிக்குதா' என்று கேட்கத் தெரிந்த உதவியாளர் அடி வாங்குவதும் குறைகிறது! பின்னாலிருந்து தொடாதே, முன்னால் வந்து கண் மட்டத்துக்குக் குனி, வாதாடாதே. மறதிநோயாளிகளைப் பார்ப்பவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம் இது. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் பயிற்சி தருவதையும் தன் வேலையாக வைத்துக்கொண்டது. அதற்கு நான் கைதட்டுவேன், எழுந்து நின்று!

ஒரு விஷயத்தை மட்டும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லவேண்டும். உதவிக்கு வந்த பெண்ணின் மேல் பெரியவர் ஒருவர் தகாத இடத்தில் கை வைப்பது நடக்கிறது. 'பாவம், நினைவில்லாமல் செய்கிறார்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம், அவளுக்கு நினைவிருக்கிறதே! பத்துப் பேர் வேலை செய்யும் இடம் எதுவானாலும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைமையில் ஒரு பெண், வெளியாள் ஒருவர். அந்தப் பெரியவரின் அறைக்கு இனி இரண்டு பேராகப் போங்கள் என்று ரோஸ்டரை மாற்றி எழுதுவதற்குப் பெரிய செலவில்லை.

நாற்காலி! நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ததை எதிர்த்து விஜி என்பவரும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை தந்தது. 2021-ல் தமிழ்நாடும் தந்தது. அது கடைகளுக்கான சட்டம். முதியோர் இல்லத்தின் தாழ்வாரத்தில், பணியாளர் பெயர் எழுதிய நாற்காலி ஒன்று கிடப்பதை நான் எங்கே பார்த்தாலும் அங்கே மனதுக்குள் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டுவிடுவேன்.

பாராட்டு என்றால் கேக் வெட்டுவதா? வெட்டட்டும், தாராளமாக! மே 12, செவிலியர் நாளில் பலூன் கட்டட்டும். 2020-ல் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் 93 வயதுக் கணவரும் 88 வயது மனைவியும் கொரோனாவிலிருந்து மீண்டார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடிகிற மாதிரி இடம் மாற்றிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது அங்கிருந்த குழு. அவர்களைக் கவனித்த செவிலிக்கும் தொற்று வந்தது. தேறி எழுந்ததும் மறுபடி பணிக்கு வரத் தயார் என்றார். நாடே கைதட்டியது. ஆனால் அதே மாநிலத்துத் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளத்துக்காக 2017-ல் போராட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது, 2018-ல்தான் அரசாணை வந்தது. ஆஸ்பத்திரி அல்லாத இல்லங்களில், நர்ஸ் பட்டம் இல்லாமல் மலம் அள்ளி உடம்பு துடைக்கும் சேச்சிகளுக்கு அந்த வெளிச்சம் இன்னும் அவ்வளவாகப் போகவில்லை.

2025 மார்ச்சில் கேரள சட்டமன்றம் முதியோர் ஆணையத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது, இந்தியாவிலேயே முதல் மாநிலமாக. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்த ஆணையம் இல்லங்களுக்கு ஆய்வுக்குப் போகும்போது முன்வாசல் கோலத்தையும் மதியச் சாப்பாட்டையும் பார்க்கட்டும், கூடவே பின்கட்டுக்கும் ஒரு நடை போகட்டும். ஈரக் குளியலறையில் வழுக்காத பாய் இருக்கிறதா? ஊசியைத் திருப்பி மூடாமல் போட வெள்ளை டப்பா இருக்கிறதா? பணியாளருக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? இரவுப் பணிப் பெண் தூங்க, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை உண்டா? சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது?

மட்டாஞ்சேரியில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்கு முதல் ஹாய்ஸ்ட் வந்து இறங்குகிற நாளில் தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பலூனோடும் ஒரு பெட்டி ஹல்வாவோடும் வருகிறேன். முதலில் தொட்டிலில் ஏறிப் பார்க்கப்போவது அப்பச்சனா அம்மச்சியா என்று அங்கே நடக்கிற சண்டையையும், பக்கத்தில் நின்று சிரிக்கிற சேச்சிகளையும் நான் பார்த்தே ஆகவேண்டும்!